நிப்பாட்டு என்றால் பாட்டு

"நிப்பாட்டு!" என்று றொசானா மூன்றாவது தடவையாகக் கத்தினாள்.

"சரி. உங்களுக்காக இன்னொரு பாட்டு" என்றது லூனா. மூன்றாவது பாட்டுத் தொடங்கியது.

அவள் சொன்ன ஐந்தெழுத்தில் கடைசி மூன்று மட்டும்தான் அதற்குக் கேட்டது.

லூனா என்பது ஒரு தேங்காய் அளவிலான கறுப்பு ஸ்பீக்கர். பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் தலையில் நீல வெளிச்சம் வரும். பிறகு கொஞ்ச நேரம் காதைத் திறந்து வைத்து, நாம் சொல்வதைச் செய்யும். "தமிழும் தெரியும் அக்கா. கரண்ட் போனாலும் ஆறு மணித்தியாலம் பாடும்" என்று மன்னார் ரவுணில் கடைக்காரர் சொல்லித்தான் விற்றார். எந்தத் தமிழ் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

றொசானா அதை ஆடம்பரத்துக்கு வாங்கவில்லை. அவள் பேசாலையில் மீனவர் சங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். காலை எட்டு மணிக்குப் போனால் பின்னேரம் ஐந்து மணிக்குத்தான் வருவாள். அம்மா பிரான்சிஸ்காவுக்குப் போன மாதம் ஒரு கண்ணில் சத்திரசிகிச்சை. மற்றக் கண்ணும் மங்கல். போனைப் பார்க்கக்கூடாது, குனியக்கூடாது, அடுப்படிப் புகையில் நிற்கக்கூடாது. பகல் முழுவதும் கதிரையில் தனியே இருக்கிற அம்மா, வாயால் கேட்டு ஒரு செபமாலையாவது கேட்கட்டும் என்பதே அவள் எண்ணம்.

முதல் நாளே அம்மா மரியாதையாகக் கேட்டாள். "லூனா பிள்ளை, செபமாலை போடுங்கோ."

"காங்கோ, மத்திய ஆபிரிக்காவில் உள்ள ஒரு நாடு" என்று லூனா தொடங்கியது.

அம்மா இடையில் குறுக்கிடவில்லை. முழுவதையும் கேட்டு முடித்துவிட்டு, "இனிச் செபமாலையைப் போடுங்கோ" என்றாள். மறுபடியும் காங்கோ. ஒரு கிழமைக்குள் அந்த நாட்டின் ஆறு, காடு, சனத்தொகை எல்லாம் அம்மாவுக்குப் பாடமாகிவிட்டது. செபமாலை மட்டும் வரவில்லை.

"அம்மா, போடுங்கோ எண்டு சொல்லாதேங்கோ. 'போடுங்க' எண்டு சொல்லுங்கோ. ரீவி நாடகத்தில கதைக்கிற மாதிரி" என்று றொசானா அன்று சனிக்கிழமை பின்னேரம் சொல்லிக் கொடுத்தாள்.

"அறுபத்தெட்டு வயசில நான் நாடகத்தில நடிக்கோணுமே?" என்று அம்மா முணுமுணுத்தாலும், "லூனா, செபமாலை போடுங்க" என்று பிசகாமல் சொன்னாள்.

"செபமாலை. இதையா கேட்கிறீர்கள்? பதில் சொல்லவும்" என்றது லூனா.

அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. "ஓம்" என்றாள்.

"ஓம். தியான இசையைத் தொடங்குகிறேன். கண்களை மூடி மூச்சை மெதுவாக உள்ளே இழுக்கவும்."

அம்மா கட்டுப் போடாத கண்ணையும் மூடி, மூச்சை இழுத்தாள். அதைப் பார்த்த பிறகுதான் றொசானா முதல் "நிப்பாட்டு"வைச் சொன்னாள்.

மூன்றாவது பாட்டு நடுவில் போய்க்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது.

"றொசானா பிள்ளையே? நான் தாழ்வுபாட்டில இருந்து அன்ரோனெற் கதைக்கிறன். கண் கிளினிக்கில அம்மாவுக்குப் பக்கத்தில இருந்தனான். நீர் ஏதோ கதைக்கிற ஸ்பீக்கர் வாங்கினனீராம்?"

"ஓம் அன்ரி. அதுதான் இப்ப பாடுது."

"எங்களுக்கும் ஒண்டு வாங்குவமோ எண்டு ஒரு யோசினை. சத்தம் எப்பிடி, சொன்னதைக் கேக்குமோ எண்டு நேரில ஒருக்காப் பாத்திட்டு வாங்கினால் நல்லமெல்லே? நாளைக்கு நாலு மணிக்கு வரட்டே?"

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? "வாங்கோ அன்ரி" என்றாள்.

"காங்கோ" என்று மேசையில் இருந்து குரல் வந்தது.

விசயத்தைக் கேட்டதும் அம்மா கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். "அப்ப நாளைக்கு அந்த நீலச் சாறியை எடுத்து உடு பிள்ளை."

"ஏனம்மா? ஸ்பீக்கர் பாக்க வாற ஆக்களுக்கு நான் ஏன் சாறி உடுக்கோணும்?"

அந்த நீலச் சாறியோடு றொசானா ஏழு குடும்பங்களுக்கு முன்னால் நின்றிருக்கிறாள். உயரம் பார்த்தார்கள், நிறம் பார்த்தார்கள். ஏழாவதாக வந்த ஒரு மாமி, யன்னல் வரை நடந்து காட்டச் சொன்னாள். றொசானா யன்னல் வரை நடந்தாள். அங்கிருந்து கதவால் வெளியே போய், கடற்கரையில் இருந்துவிட்டு, அவர்கள் போன பிறகுதான் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. அதற்குப் பிறகு இரண்டு வருடமாக அந்தப் பேச்சே வீட்டில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, தலைக்கு எண்ணெய் வைத்து, வீட்டில் போடும் பூச்சட்டையோடு லூனாவுக்கு முன்னால் இருந்து மூன்று வசனங்களைப் பாடமாக்கினாள். மூன்றும் சுத்தமான ரீவித் தமிழ். அவமானப்படாமல் தப்ப அது போதாதா?

நாலு மணிக்கு ஓட்டோவில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். வாய் ஓயாமல் கதைக்கிற அன்ரோனெற். வாயே திறக்காத அவருடைய கணவர் சிங்கராசா. அவர்களுடைய மகன் மில்ரன். முப்பத்தெட்டு வயதுக்காரன், படகு இஞ்சின் திருத்துகிறவன். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டு; நகங்களைப் பிரஷ் போட்டு உரஞ்சிக் கழுவியிருந்தான். கதிரையின் நுனியில் இருந்தான்.

றொசானா போனைத் தட்டி ஒரு தேவபாடலைப் போட்டாள். பாட்டு அறை முழுவதும் நிறைந்தது. மில்ரன் தலையைச் சரித்துக் கேட்டான்.

"சத்தம் வடிவாயிருக்கு. சின்னப் பெட்டியெண்டாலும் அடிக்குரல் தெளிவாக் கேக்குது" என்றான்.

"சத்தம் சரி, சொல்லுக் கேக்குமோ?" என்றார் அன்ரோனெற்.

றொசானா தொண்டையைச் செருமினாள். "லூனா, மணி என்ன ஆச்சு?"

லூனா மணி சொன்னது. இன்னொரு வசனத்துக்கு மழை வராது என்றது. மூன்றாவதற்குப் பன்னிரண்டையும் பன்னிரண்டையும் பெருக்கிக் காட்டியது. அன்ரோனெற் கை தட்டினார். றொசானாவுக்கு ஒரு கணம் நெஞ்சு லேசானது.

"எனக்கும் ஒருக்காச் சொல்ல ஆசையாக் கிடக்குது" என்ற அன்ரோனெற், அவள் தடுக்க முதல் குனிந்து, "லூனா, ஒரு பாட்டுப் படியுங்கோ" என்றார்.

"காங்கோ, மத்திய ஆபிரிக்காவில்..."

"அவவுக்கு அந்த நாடெண்டால் உயிர்" என்று பிரான்சிஸ்கா விளக்கினாள்.

"லூனா, நிப்பாட்டு!" என்றாள் றொசானா. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். குத்துப்பாட்டு ஒன்று இடிபோல் இறங்கியது.

"லூனா! சத்தம் கூடிப்போச்சு!"

"சத்தத்தைக் கூட்டுகிறேன்."

அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. மகளுக்கு உதவி செய்ய நினைத்த பிரான்சிஸ்கா, "லூனா, கதைக்காதை!" என்று அதட்டினாள்.

"நல்ல கதை கேளுங்கள். ஒரு காட்டில் ஒரு நரி இருந்தது" என்று லூனா அதே சத்தத்தில் தொடங்கியது. நரியின் ஊளை றோட்டு வரை கேட்டது. வேலிக்கு அந்தப்பக்கம் நாய்கள் பதில் ஊளையிட்டன.

பிரான்சிஸ்கா நெஞ்சில் சிலுவை போட்டாள். "ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமா! லூனா, ஃபாதர் கேட்டால் என்ன நினைப்பார்?"

"ஃபாதரை அழைக்கிறேன்."

"ஐயோ!" என்று றொசானா போனைத் தேடினாள். அது எந்தத் தலையணைக்குக் கீழே போனதோ தெரியவில்லை. இரண்டாவது மணியிலேயே பங்குத்தந்தையின் குரல் அறைக்குள் முழங்கியது.

"ஹலோ றொசானா! என்ன ஒரே சத்தமாக் கிடக்கு? வீட்டில கலியாணமே?"

"இல்லை ஃபாதர்! ஸ்பீக்கர் பாக்க வந்திருக்கினம்!"

"என்னத்தைப் பாக்க?"

அதற்குள் தொடர்பு அறுந்தது. நரி, விட்ட இடத்தில் இருந்து மறுபடியும் ஊளையிட்டது.

றொசானா வயரைப் பிடுங்கினாள். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. கரண்ட் இல்லாமலும் அது அருமையாக வேலை செய்தது. மேலே இருந்த பொத்தானை அமத்தினாள். சிவப்பு வெளிச்சம் வந்தது. அது லூனாவின் வாயை மூடுகிற பொத்தான் இல்லை, காதை மூடுகிற பொத்தான். இப்போது யார் என்ன சொன்னாலும் லூனாவுக்குக் கேட்காது. நரிக்கதை மட்டும் நடந்தது. கடைசியில் அதைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்து, மேலே இரண்டு பெட்சீற்றைப் போட்டு, கதவைச் சாத்தி, முதுகைக் கொடுத்து நின்றாள். பலகை அலுமாரி. ஊளை இப்போது நிலத்துக்குக் கீழே இருந்து வருவதுபோல் கனமாகக் கேட்டது.

முகமெல்லாம் வேர்த்து, எண்ணெய்த் தலை கலைந்து, பூச்சட்டையோடு அவள் அப்படி நின்றபோது, அடுப்படிப் பக்கத்தில் இருந்து மில்ரன் வந்தான். கையில் தட்டு. தட்டில் ஐந்து கோப்பை தேத்தண்ணி.

அவன் எப்போது எழும்பிப் போனான் என்று அவளுக்குத் தெரியாது.

"குறை நினைக்காதேங்கோ. நீங்கள் அந்தரப்பட்டுக்கொண்டு நிண்டனீங்கள், அம்மாவும் புகையில நிக்கக்கூடாதெண்டு கேள்விப்பட்டனான். அதுதான் நானே ஊத்தினன். சீனி எங்க கிடக்கெண்டு தேடத்தான் கொஞ்ச நேரமாப் போச்சு" என்றான். முதலில் அவளுக்குத்தான் தட்டை நீட்டினான். பிறகு தட்டை மேசையில் வைத்துவிட்டு, "கொஞ்சம் விலகுவீங்களோ?" என்று கேட்டு அலுமாரியைத் திறந்தான். பெட்சீற்றை விலக்கி, சிவப்பு வெளிச்சப் பொத்தானை மறுபடி அமத்தி, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னான்.

"லூனா, போதும்."

அறை அமைதியானது. தூரத்தில் அலைச்சத்தம் கேட்டது.

"போதும் எண்டது அங்கயும் போதும்தான், இஞ்சயும் போதும்தான்" என்றான் மில்ரன்.

றொசானா கதிரையில் தொப்பென்று இருந்தாள். தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தாள். இஞ்சி தட்டிப் போட்டு, நல்ல சாயமாக இருந்தது. இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

"அன்ரி, உள்ளதைச் சொல்லுறன். பாட்டுக் கேக்கிறதெண்டால் தாராளமா வாங்கலாம். ஆனால் சொன்னதைக் கேக்குமெண்டு நம்பி வாங்காதேங்கோ. அந்த மூண்டு வசனமும் நான் இண்டைக்குக் காலமை முழுக்கப் பாடமாக்கினது. அம்மா தன்ர பாட்டில செபமாலை கேக்கட்டும் எண்டுதான் வாங்கினனான். இண்டைக்கு வரைக்கும் ஒரு மணி கூட உருளேல்லை."

சிங்கராசா கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கட போனை ஒருக்காத் தருவீங்களோ?" என்றான் மில்ரன்.

தலையணைக்குக் கீழே இருந்து போனை எடுத்துக் கொடுத்தாள். அவன் எங்கே போய் எதைத் தட்டினானோ, இரண்டு நிமிடத்தில் பிரான்சிஸ்காவுக்கு முன்னால் முழங்காலில் இருந்து போனை நீட்டினான்.

"அம்மா, செபமாலை வேணுமெண்டால் நீங்கள் எப்பிடிக் கேப்பீங்களோ, அப்பிடியே இதுக்குள்ள மூண்டு தரம் சொல்லுங்கோ. நாடகத் தமிழ் வேண்டாம். உங்கட கதையிலயே சொல்லுங்கோ. இந்தச் சத்தத்துக்கு இதுதான் அர்த்தம் எண்டு நாங்கள் அதுக்குப் பழக்கலாம்."

பிரான்சிஸ்கா மூன்று தரம் சொன்னாள். மூன்றாவது தரம் சொல்லும்போது கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

"இனி ஸ்பீக்கரைப் பாத்துச் சொல்லுங்கோ."

"லூனா பிள்ளை, செபமாலை போடுங்கோ."

நீல வெளிச்சம் வந்தது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு, பெண்கள் கூட்டமாகச் செபிக்கும் குரல், "அருள் நிறைந்த மரியே" என்று மெல்ல எழுந்தது. பிரான்சிஸ்காவின் விரல்கள் தாமாகவே மடியில் கிடந்த செபமாலையை எடுத்தன. கட்டுப் போடாத கண்ணால் கண்ணீர் இறங்கியது. அன்ரோனெற் சேர்ந்து சொல்லத் தொடங்கினார். செபமாலையில் பத்து மணி உருண்டு முடியும்வரை யாரும் எழும்பவில்லை.

"இவ்வளவு கெதியா எப்பிடிப் பிடிச்சீங்கள்?" என்று றொசானா வாசலில் வைத்து மில்ரனிடம் கேட்டாள். "நான் ஒரு கிழமையா மாரடிச்சனான்."

அவனுடைய காது சிவந்தது. "இஞ்சின் மாதிரித்தான். கொஞ்சம் பழகினால் பிடிபடும்" என்று நிலத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வேகமாகப் போய் ஓட்டோவுக்குள் ஏறினான். ஏறும்போது தலையை இடித்துக்கொண்டான். றொசானா சிரித்துவிட்டாள். அவன் தலையைத் தடவிக்கொண்டே தானும் சிரித்தான்.

அன்ரோனெற் பிரான்சிஸ்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பிரியாவிடை சொன்னார். சிங்கராசா மட்டும் படலையடியில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். வந்ததில் இருந்து அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது றொசானாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அங்கிள், நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே. கடைசியா என்ன மாதிரி, ஸ்பீக்கர் வாங்கப்போறீங்களோ?"

சிங்கராசா ஓட்டோப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஸ்பீக்கர் எங்கட வீட்டில ரெண்டு வருசமாக் கிடக்குது பிள்ளை, நாங்கள் இண்டைக்கு உங்களுக்கு எங்கட பெடியனைக் காட்டத்தான் கூட்டிக்கொண்டு வந்தனாங்கள். வடிவா யோசிச்சு, பிடிச்சிருந்தால் சொல்லியனுப்புங்கோ."