மலையின் இசையும் ஒன்பது மிக்ஸிகளும்

அன்று கொண்டாப்பூர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் இருந்தவர்கள்: மலைக்கிராமங்களின் நீடித்த வளர்ச்சிக்காகப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட மாணவர் குழுவின் தலைவனாகிய நான், என் கூட்டாளி இம்ரான், எங்கள் பேராசிரியர், குடியிருப்பின் பெண்கள் குழுவை நடத்தும் கோயம்புத்தூர்க்காரரான கௌசல்யா அக்கா, அவர் திரட்டி வந்திருந்த அறுபது குடும்பங்கள், நான்கு மூட்டைச் சாமை. இல்லாதவர்கள்: அந்தச் சாமையை விளைவித்த முத்யாலம்மா, மல்காஜ்கிரியில் எங்கள் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த என் அம்மா. இந்த இருவரில் ஒருவர் அங்கே இருந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியே வந்திருக்காது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அதாவது, எல்லாம் தெரிந்த வயது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். திண்டிவனம் பக்கத்திலிருந்து ஹைதராபாத்துக்குக் கொத்தனார் வேலைக்கு வந்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கரண்டு பில்லிலிருந்து மாத்திரை அட்டை வரை நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். பத்து வருடம் இப்படிப் படித்துச் சொல்லிக்கொண்டே இருந்தால் ஒருவனுக்கு என்ன ஆகும்? எழுதியிருப்பதெல்லாம் எனக்குத் தெரியும், எங்கேயும் எழுதாத விஷயம் உலகத்தில் கிடையாது என்று தோன்றிவிடும். எனக்குத் தோன்றிவிட்டது.

விசாகப்பட்டினத்துக்கு அப்பால், பஸ் நின்றுவிட்ட பிறகும் இரண்டு மணி நேரம் ஏற வேண்டிய ஒரு மலைக்கிராமத்தை எங்கள் குழு தேர்ந்தெடுத்தது. (பெயரே ஏழுமலை என்பதால் என்னைத் தலைவனாக்கினார்கள். வேறு தகுதி எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.) மூன்று நாள் அங்கே தங்கினோம். மூன்று வேளையும் சாமைச் சோறு. பூப்போல, வெள்ளை வெளேரென்று இருக்கும். கையில் நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவத்தோடு வீடு வீடாகப் போனேன். "உங்கள் கனவு என்ன?" என்றெல்லாம் கேட்டேன். "இந்தச் சோற்றை எப்படிச் செய்தீர்கள்?" என்று படிவத்தில் இல்லை. அதனால் கேட்கவில்லை.

தினமும் விடியற்காலையில் ஊருக்குள்ளிருந்து ஒரு சத்தம் வரும். டொம்... டொம்... டொம். ஒன்றன்பின் ஒன்றாகப் பல வீடுகளிலிருந்து தாளம் தப்பாமல் வரும். நாங்கள் படுத்திருந்த பள்ளிக்கூடக் கட்டடத்தில், போர்வைக்குள்ளிருந்து கையை மட்டும் வெளியே நீட்டி அதை என் போனில் பதிவு செய்தேன். 'மலையின் இசை' என்று பெயர் வைத்தேன். எழுந்து போய் அது என்னவென்று பார்த்திருக்கலாம். குளிர்.

அந்த ஊர்ச் சாமையை வருடா வருடம் ஒரு வியாபாரி லாரியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு வந்து அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போவார். எனக்கு ரத்தம் கொதித்தது. பெண்கள் குழுவுக்குத் தலைவி மாதிரி இருந்த முத்யாலம்மாவிடம், "இந்த வருஷம் அவருக்குக் கொடுக்காதீங்க. நாங்க ஹைதராபாத்தில் நேரா வீடுகளுக்கே விற்றுத் தருகிறோம்" என்று தெலுங்கில் முழங்கினேன்.

முத்யாலம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்தாளு கம்மியாத்தான் குடுப்பான் பாபு. ஆனா வருவான். நீ வருவியா?"

"வருவேன்மா."

"அவனை ஒரு தடவ வேணாம்னு சொல்லிட்டா, அப்புறம் எங்க ஊர்ப்பக்கமே திரும்ப மாட்டான்."

"நான் இருக்கேன்மா."

"சரி. சாமைய அப்படியேவா அனுப்பணும்?"

"அப்படியே!"

"அப்படியேன்னா... அப்படியேவா?"

"ஆமாம்மா. எதுவும் சேர்க்க வேண்டாம், எதுவும் நீக்க வேண்டாம்!" என்றேன். அந்த வரி எனக்கே பிடித்துப் போய், அதையே விளம்பரமாக அச்சடித்துக் கொண்டாப்பூர் முழுக்கக் கொடுத்தேன்.

இப்போது கிளப் ஹவுஸுக்கு வருவோம். வெளியே மழை. உள்ளே நான் அடுப்பருகே நின்று, எல்லார் கண்ணெதிரிலும் சாமைப் பொங்கல் செய்து காட்டுவதாக ஏற்பாடு. பின்னால் திரையில் பனி மூடிய மலைகள். ஒலிபெருக்கியில் 'மலையின் இசை'. குக்கரை ஏற்றினேன். நான்கு விசில். திறந்தேன். தவிட்டு நிறத்தில் ஏதோ மிதந்தது. மறுபடி மூடினேன். பத்து விசில். பதினைந்து.

"ஏனுங் தம்பி, இவ்ளோ நேரமாகுமுங்களா?" என்றார் கௌசல்யா அக்கா.

"மலை தானியம்க்கா. உறுதியானது" என்றேன்.

உறுதி என்றால் உறுதி. முதல் கரண்டியைப் பேராசிரியருக்குக் கொடுத்தோம். வாயில் போட்டார். மென்றார். அறுபது குடும்பங்களும் அவர் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தன. துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. நெடுநேரம் கழித்து, "நார்ச்சத்து நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஒரு கூட்டம் இருப்பதாகக் கிளம்பியவர்தான். (ஞாயிற்றுக்கிழமை என்ன கூட்டமோ!) அடுத்து கௌசல்யா அக்கா சாப்பிட்டுப் பார்த்தார். "என்னங்க தம்பி இது, தொடப்பத்தைக் கடிக்கற மாதிரி இருக்குது?"

ஓரத்தில், நான் ஆள்கணக்கிலேயே சேர்க்காத, கிளப் ஹவுஸைப் பெருக்குகிற அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து ஊதினார். பிறகு ஒலிபெருக்கியைக் காட்டி என்னிடம் கேட்டார்: "ஏன் சார், அதுல டொம் டொம்முனு குத்திக்கிட்டே இருக்காங்களே, மூட்டையில இருக்கறத மட்டும் குத்தலையா?"

அந்த நொடியில் எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சியை இன்றைக்கும் முழுதாகச் சொல்ல முடியாது. டொம்... டொம்... என்று அந்த இசை மட்டும் என் மண்டைக்குள் விழுந்துகொண்டே இருந்தது. மூன்று நாள் நான் சாப்பிட்ட பூப்போன்ற சோறு, மூன்று நாள் நான் பதிவு செய்த சத்தத்திலிருந்து வந்தது. உமி! உமியோடு இருநூறு கிலோ! எதுவும் நீக்கவில்லை. நான் கேட்டது போலவே.

கௌசல்யா அக்கா நல்லவர். "அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் பாக்கறோமுங்க தம்பி. சாப்பிடற மாதிரி குடுத்தீங்கன்னா வாங்கிக்கறோம். இல்லீன்னா மூட்டையெல்லாம் எடுத்துட்டுப் போயிருங்க" என்றார். எடுத்துக்கொண்டு எங்கே போவது? மலையில் நாற்பது வீடுகள் வியாபாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு, என் ஒரு வார்த்தையை நம்பி உட்கார்ந்திருந்தன.

திங்கட்கிழமை மல்காஜ்கிரி மாவு மில்லில் ஐந்து கிலோவைக் கொடுத்துப் பார்த்தோம். சாமையும் உமியும் ஒன்றாக அரைபட்டு மாவாக வந்தது. "மாடு இருக்கா வீட்ல?" என்று மில்காரர் கேட்டார். சிறுதானிய உமி நீக்கும் ஆலை ஒன்றைத் தேடிப் பிடித்தால், டன் கணக்கில் இருந்தால் மட்டும் வரச் சொன்னார்கள்.

"மியா, மிக்ஸியில் போட்டால் உமி கழன்றுவிடுமாம். வீடியோ பார்த்தேன்" என்றான் இம்ரான்.

உண்மைதான். ஒரு கைப்பிடி சாமையைப் போட்டு, விட்டு விட்டு ஓட்டி, முறத்தில் புடைத்தால் உமி பறக்கும். ஒரு கைப்பிடிக்கு அது சரி. இருநூறு கிலோவில் எத்தனை கைப்பிடி என்று நாங்கள் யோசிக்கவில்லை. மிக்ஸி யோசித்தது. முதலாவது, விடுதி நண்பனுடையது, அரை மணி நேரத்தில் உயிரை விட்டது. நண்பர்களின் அறைகளிலிருந்து ஒவ்வொன்றாக இரவல் வாங்கினோம். செவ்வாய்க்கிழமை இரண்டு போயின. புதன்கிழமை மூன்று. வியாழக்கிழமை இம்ரான் தன் அத்தையின் மிக்ஸியைக் கொண்டு வந்தான். அடிப்பாகத்திலிருந்து புகை கிளம்பியதும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நக்கோ, நக்கோ!" என்று ஹைதராபாத் உருதுவில் வேண்டாம் வேண்டாமென்று கெஞ்சினான். மிக்ஸி கேட்கவில்லை. அன்று மாலைக்குள் இன்னொன்றும் போனது. எட்டு.

வெள்ளிக்கிழமை அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஒன்பதாவதை எடுத்தேன். நான் பத்தாம் வகுப்பில் தேறிய வருடம் அப்பா சீட்டுப் பணத்தில் வாங்கியது. அம்மா அதற்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்தாள். அவள் திரும்பி வந்தபோது உறை தரையில் கிடந்தது. மிக்ஸியிலிருந்து புகை. கட்டில், டிவி, சாமி படம் எல்லாவற்றின் மேலும் உமி. என் புருவத்திலும் உமி.

"இன்னாடா பண்ணிக்கினு இருக்கீங்க ரெண்டு பேரும்?"

"சாமையில உமி எடுக்கறோம்மா."

"மிக்ஸிலியா?" அம்மா அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கேட்டாள்: "எவ்ளோ இருக்குது?"

"இருநூறு கிலோ. எட்டு நாள்ல..." என்று ஆரம்பித்து, "முப்பது கிலோ முடிச்சிட்டோம்மா" என்றேன். (உண்மையில் ஐந்து நாள்தான். எனக்கு அப்படித் தோன்றியது.)

"அத்த வெளைய வெச்சவங்களுக்கு இது தெரியுமாடா?"

"தெரியாதும்மா."

"அவங்கள கேக்காம நீயே குத்த வந்துட்டியா? இன்னா தொர, காலேஜில இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

இம்ரானுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் புரிந்தது. "ஹவ் அம்மி, ஹவ்" என்று ஆமோதித்துத் தலையை ஆட்டினான்.

அம்மாவின் முன்னாலேயே முத்யாலம்மாவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"குத்தாமலா வெச்சிருக்கே?"

"ஆமாம்மா."

"நான் ரெண்டு தடவ கேட்டேனே பாபு! நீங்க படிச்ச பசங்க, பெரிய மெஷின் வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். வெடிகாலையில நாங்க குத்தற சத்தம் உனக்குக் கேக்கவே இல்லியா?"

"கேட்டுதும்மா. ரெக்கார்டுகூடப் பண்ணேன்."

"எதுக்கு?"

"இசைன்னு நெனச்சேன்."

போன் கை மாறியது. யாரோ ஒரு பெண்ணிடம் இது சொல்லப்பட்டது. பிறகு இன்னொருத்தியிடம். பிறகு ஒரு மலையே சிரிக்கிற சத்தம் கேட்டது. அது அடங்கியதும் முத்யாலம்மா சிரிக்காத குரலில் சொன்னார்: "வியாபாரி வேற ஊருக்குப் போயிட்டான். இதைத் திருப்பி அனுப்பினா நாங்க யார்கிட்ட போறது? அஞ்சு பேர் வர்றோம். உலக்கை எங்ககிட்ட இருக்கு. உரல் நீ பாத்து வை."

ஹைதராபாத்தில் உரலுக்கு எங்கே போவது? அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. திருமுல்கேரியில் அவர் இடித்துக்கொண்டிருந்த பழைய வீட்டின் பின்பக்கம் இரண்டு கல்லுரல்கள் குப்பையோடு கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை அவற்றை டிராலி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அப்பா கொண்டாப்பூருக்கு வந்தார். ரயில் நிலையத்திலிருந்து ஐந்து பெண்களும் ஐந்து உலக்கைகளும் வேறொரு ஆட்டோவில் வந்தார்கள். வாயிற்காவலர் கையில் போனை வைத்துக்கொண்டு திகைத்து நின்றார். வருகிறவர்களை விருந்தாளி, கூரியர், சாப்பாடு டெலிவரி, ரிப்பேர் என்று நான்கில் ஒன்றாகப் பதிய வேண்டுமாம். உலக்கைகளைப் பார்த்துவிட்டு 'ரிப்பேர்' என்று பதிந்தார்.

அன்றும் விடாத மழை. அதனால் கிளப் ஹவுஸுக்குள்ளேயே உரல்களை இறக்கினோம். முத்யாலம்மா புடவையை இழுத்துச் செருகி உலக்கையை ஓங்கினார். டொம்! கூடவே இன்னொரு சத்தமும் கேட்டது. பளீரென்று ஒரு கோடு உரலின் அடியிலிருந்து சுவர் வரை ஓடியது.

"அய்யோ! இந்த டைல்ஸ் போட்டு மூணு மாசங்கூட ஆகலீங்க தம்பி!" என்று அலறினார் கௌசல்யா அக்கா.

சாக்குகளை மடித்து உரலுக்கு அடியில் போட்டோம். அதற்குள் பதினான்கு டைல்ஸ் போயிருந்தன. ஆனால் அந்த ஐந்து பேரும் நிற்கவில்லை. ஞாயிறும் திங்களும் மாறி மாறிக் குத்தினார்கள், புடைத்தார்கள், எங்களை வைத்து உமி அள்ளினார்கள். குடியிருப்புக் குழந்தைகள் வரிசையில் நின்று ஆளுக்கு நாலு குத்து குத்திப் பார்த்தன. இரண்டாம் நாள் மாலை கௌசல்யா அக்காவே பொங்கல் வைத்தார். நான்கே விசில். பூப்போல வந்தது. ஒரு மணி கூட மிச்சமில்லாமல் சாமை விற்றது. முத்யாலம்மாவுக்குச் சொன்ன விலை சொன்னபடி கிடைத்தது.

அதை முந்தானையில் முடிந்துகொண்டு அவர் மறுபடி கையை நீட்டினார்.

"இன்னும் என்னம்மா?"

"நீ கேட்டது அப்படியே. அதுக்கு இந்த விலை. குத்தினதுக்குக் கூலி வேற. ரயில் டிக்கெட் வேற."

கொடுத்தோம். அடுத்த வாரம் அப்பா வந்து டைல்ஸ் மாற்றினார். அவரும் தன் ஒரு நாள் கூலியை விடவில்லை. "படிச்சவன் ஒடச்சத படிக்காதவன் ஒட்டறான். சும்மா ஒட்டுவானா?" என்றார்.

அந்த வியாபாரி அடுத்த வருடம் மலைப்பக்கம் வரவில்லை. நான் போனேன். குத்திய சாமைதான் வந்தது. 'மலையின் இசை' இப்போது அம்மாவின் போனில் இருக்கிறது. நான் கூப்பிட்டால் மட்டும் அடிக்கிற மாதிரி இம்ரான் வைத்துக் கொடுத்தான். பஸ்ஸில், ரேஷன் கடையில், சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில் என்று எங்கே அது டொம் டொம் என்று அடித்தாலும், "எம்புள்ள ஆராய்ச்சி பண்ணது" என்று பக்கத்தில் இருப்பவருக்கு முழுக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் போனை எடுக்கிறாள். மிக்ஸிகள், டைல்ஸ், கூலி, டிக்கெட், டிராலி ஆட்டோ எல்லாம் சேர்த்து, எழுந்து போய் அது என்ன சத்தம் என்று பார்க்காததற்கு எங்கள் குழுவின் பன்னிரண்டு மாணவர்களும் பங்கு போட்டுக் கொடுத்தது இருபத்தொன்பதாயிரத்து எழுநூறு ரூபாய்.