டொக்குவின் கழுத்துக்கு மஃப்ளர் வந்த கதை

"இந்த வரிக்கு ஆதாரம் எங்கே சார்?" என்று ஆதாரம் அக்கா கேட்டபோது, அச்சகத்திலிருந்து ஃபோன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

பதிப்பக முதலாளி ஃபோனை எடுக்கவில்லை. இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. தகவல் சரிபார்க்கிற வேலைக்கு வந்த பிறகு அது எல்லோருக்கும் மறந்துபோயிற்று. வெளியே மழை பெய்கிறது என்று யாராவது சொன்னால், ஜன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆமாம் என்பாள். அப்படி ஒரு பிறவி.

இப்போது அவள் மேசைமேல் கிடந்தது டொக்குவின் முப்பது ஆண்டு வரலாறு. டொக்கு ஒரு வீடியோ கேம் மரங்கொத்தி. கழுத்தில் சிவப்பு மஃப்ளரைக் கட்டிக்கொண்டு, திரையில் குறுக்கே வருகிற மரத்தையெல்லாம் கொத்தித் தள்ளியபடி முப்பது வருஷமாக ஓடுகிறது. அன்றைக்கு விளையாடியவர்களின் பிள்ளைகள் இன்றைக்கு விளையாடுகிறார்கள். அதன் வரலாற்றில் ஒரு புள்ளி பிசகினாலும் ரசிகர்கள் சும்மா விடுவதில்லை. போன புத்தகத்தில் டொக்குவின் வால் நீலம் என்று அச்சாகிவிட்டது. பச்சையாம். பதிப்பக வாசலில் வந்து நின்று கத்தினார்கள்.

"இன்னொரு தப்பு வந்துச்சுன்னா நீங்க கிடங்குல பார்சல் கட்டப் போயிடுங்க மேடம்," என்று முதலாளி அன்றைக்கே சொல்லிவிட்டார். அக்கா கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். அந்த நாற்காலி அவளுக்கு உயிர்.

ஆகவே இந்தத் தடவை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். டொக்குவின் 'டொக் டொக்' சத்தம் கேம் கம்பெனியின் சாப்பாட்டு மேசையைத் தட்டிப் பதிவு செய்தது என்று ஒரு பக்கத்தில் இருந்தது. அக்கா நேரிலேயே போய், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை எழுப்பிவிட்டு அந்த மேசையைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். சரியாகத்தான் இருந்தது. மற்றதெல்லாமும் சரி. ஒரே ஒரு வரிதான் தொண்டையில் சிக்கிய முள்ளாக நின்றது.

'டொக்குவை முதலில் வரைந்த ஓவியருக்கு அன்று கடும் சளி. தான் கட்டியிருந்த மஃப்ளரையே டொக்குவுக்கும் வரைந்துவிட்டார்.'

"ஊருக்கே தெரிஞ்ச விஷயம் மேடம் அது," என்றார் முதலாளி.

"ஊருக்கு யார் சார் சொன்னது? ஆதாரம் இல்லேன்னா வரியைத் தூக்கிடுவோம்."

"எப்படித் தூக்குறது? புத்தகத்தோட ஒரு மஃப்ளர் இலவசமா தர்றோம். மூட்டை மூட்டையா வந்து இறங்கியாச்சு. ஒவ்வொண்ணுலயும் 'எனக்கும் சளி'ன்னு எழுதியிருக்கு." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "சாயங்காலம் அச்சு. அதுக்குள்ள என்ன செய்வீங்களோ செய்ங்க."

அக்கா ஃபோனை இழுத்து வைத்துக்கொண்டாள். முதலில் புத்தகம் எழுதியவர். அவர் ஒரு பத்திரிகையில் படித்தாராம். பத்திரிகைக்காரர் ஒரு வினாடி வினாவில் கேட்டாராம். வினாடி வினா நடத்தியவர், டொக்கு ரசிகர்களின் இணையதளத்திலிருந்து எடுத்தாராம். தளம் நடத்துகிறவரைப் பிடித்தாள்.

"எங்க தளத்துல ஆதாரம் இல்லாம ஒரு எழுத்து இருக்காது மேடம். கீழே பாருங்க," என்றார் தளத்துக்காரர் பெருமையாக.

கீழே பார்த்தாள். ஆதாரம் என்று அதே பத்திரிகையைப் போட்டிருந்தது.

"சார், நீங்க பத்திரிகையைப் பார்த்து எழுதியிருக்கீங்க. பத்திரிகைக்காரர் வினாடி வினாவைப் பார்த்து எழுதினார். அவங்க உங்களைப் பார்த்து எழுதினாங்க."

"அப்ப மூணு ஆதாரம் இருக்குன்னு சொல்லுங்க."

அக்கா பல்லைக் கடித்தாள். "இது சந்தேகத்துக்குரிய தகவல்னு குறிப்பாவது போடுங்க."

போட்டார். 'பிரபல பதிப்பகம் ஒன்று இந்தத் தகவலைத் தீவிரமாக ஆராய்கிறது' என்று. அக்கா பதறிப்போய் மறுபடி கூப்பிட்டு, அப்படியில்லை, எங்களுக்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை என்று சொன்னாள். அவர் அதையும் மாற்றினார். 'பதிப்பகத்தாரே எங்களைத் தொடர்புகொண்டு பேசினர்' என்று அது நாலாவது ஆதாரமாக ஏறி உட்கார்ந்தது.

போதாக்குறைக்குக் கேம் கம்பெனிக்கும் ஃபோன் போட்டாள். அங்கே வரலாற்றுப் பிரிவில் ஒரு பெண் பேசினாள்.

"உறுதியான தகவல் மேடம். வரவேற்பறையில பலகையே மாட்டப்போறோம்."

"எதை வெச்சும்மா உறுதின்னு சொல்றீங்க?"

"உங்க புத்தகத்துல வருதுல்ல."

வேறு யாராவதாக இருந்தால் இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, டொக்குவை வரைந்த ஓவியரின் வீட்டுக்கே கிளம்பிவிட்டாள். பஸ் கிடைக்கவில்லை. நடந்தாள்.

ஓவியர் ஓய்வுபெற்றவர், உற்சாகமானவர். கேள்வியைக் கேட்டதும் எழுந்து நின்று, உருக்கமாக ஒரு தும்மல் தும்மிக் காட்டினார்.

"தும்மல் வேண்டாங்க. உண்மை வேணும்," என்றாள் அக்கா.

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சளியும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. அந்தக் காலத்து மெஷின்ல ஒரே படமா ஓடவிட முடியாது. தலை தனி, உடம்பு தனி. டொக்கு குதிச்சா தலை முன்னாடி போய்ச் சேரும், உடம்பு பின்னாலேயே வரும். நடுவுல ஒரு ஓட்டை தெரியும். அதை மறைக்கத்தான் மஃப்ளர்."

அக்காவுக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "அப்ப அந்தச் சளி?"

"யாரோ தளத்துல எழுதிட்டாங்க. முதல்ல எனக்கும் கோபம்தான். ஆனா மேடையில கழுத்து ஒட்டலைன்னு சொன்னா ஒருத்தரும் அசையறதில்ல. சளின்னா கை தட்டுறாங்க. நானும் தும்மப் பழகிட்டேன்."

விடவில்லை அக்கா. அவருடைய பழைய வரைபடத்தையே கேட்டு வாங்கினாள். தலை ஒரு கட்டத்தில், உடம்பு இன்னொரு கட்டத்தில். அதைக் கொண்டுவந்து முதலாளியின் முன்னால் வைத்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மஃப்ளர்ல 'எனக்கும் சளி'ன்னு இருக்கே மேடம்."

"திருப்பிக் கட்டிக்கச் சொல்லுங்க சார். எழுத்து உள்பக்கம் போயிடும். வரியை மாத்தலேன்னா நானே கிடங்குக்குப் போறேன். பொய்யை அச்சுக்கு அனுப்பிட்டு இந்த நாற்காலியில உட்கார மாட்டேன்."

ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் முதலாளிதான் இறங்கி வந்தார்.

"சரி, மாத்துங்க. ஆனா இந்தப் புரளியை முதல்ல கிளப்பினது யாருன்னும் போட்டாகணும். இல்லேன்னா நாமதான் புளுகுறோம்னு வாசல்ல வந்து நிப்பாங்க. பேர் கிடைக்கலேன்னா பழைய வரியே போகட்டும்."

"முழுப் பேரோட போடுவோம் சார்," என்றாள் அக்கா. வாக்கியத்தை அப்போதே எழுதியும் விட்டாள். 'பொறுப்பு என்பதே கொஞ்சமும் இல்லாத ஒருவர் கிளப்பிவிட்ட கட்டுக்கதை இது.' பேருக்கு மட்டும் இடம் விட்டு அச்சகத்துக்கு அனுப்பினாள். தன்மேல் அவளுக்கே ஒரு மரியாதை வந்தது.

தளத்துக்காரர் பழைய பதிவுகளையெல்லாம் தோண்டிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "முதல்ல எழுதினது ஒரு பள்ளிக்கூடப் பொண்ணு மேடம். பல வருஷமாச்சு. அந்த மெயில் முகவரிக்கு உங்க நம்பரை அனுப்பியிருக்கேன். கூப்பிடுவாங்க."

முதலாளி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார். அச்சகத்துக்காரர் இன்னொரு ஃபோனில் காத்திருந்தார். அக்கா தன் செல்ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தாள். அடித்தது. வெளியூரில் வேலை பார்க்கிற மகள்.

"இப்ப வேண்டாம்டி. முக்கியமான ஒரு ஃபோன் வரணும், வை."

"அம்மா, அந்த ஃபோன்தான் இது. டொக்குவுக்குச் சளின்னு எழுதினது நான்தான்."

அக்காவுக்குக் காது அடைத்தது. முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார், ஒருவர் ஃபோனுக்குள் இருந்தாலும்.

"சின்னப் பொண்ணு நீ, உனக்கென்ன தெரியும்," என்றாள் அக்கா. "எந்தப் பொறுப்பத்த ஜென்மம் உனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது? பேரைச் சொல்லு, இந்த நிமிஷமே அச்சுல ஏத்துறேன்."

"நீதாம்மா. காய்ச்சல்ல நான் மஃப்ளர் கட்டிக்க மாட்டேன்னு அடம்பிடிச்சப்ப, டொக்குவை வரைஞ்சவருக்கும் சளிதான்டின்னு நீ சொன்னே. ஆதாரம் என்னன்னு கேட்டதுக்கு, அம்மா சொன்னா ஆதாரம் கேக்கக் கூடாதுன்னுட்டே."