கறுப்பு கவுனில் வந்த சாமி

1964-இல் தாதர் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் நூற்றாண்டு விழாவில், பிரின்சிபால் பாண்டியா சாஹிப் கறுப்பு கவுனோடு சாமியாடினார். அவர் குதித்த குதியில், குர்லாவில் சிக்னலுக்கு நின்ற ரயில் தானாகக் கிளம்பிவிட்டது. பம்பாயே பார்த்தது. நம்பாதவர் ஒரே ஒருவர்தான். அவர் பாண்டியா சாஹிப்.

எல்லாம் அய்யாத்துரையால் வந்தது. கல்லூரியில் தற்காலிக பியூன். விழா நல்லபடியாக முடிந்தால் வேலை பெர்மனென்ட் என்று சாஹிப் சொல்லியிருந்தார். ஊர்வலத்துக்குப் பேசிவைத்த குர்லா பேண்டோ அன்று காலை ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டது. அய்யாத்துரை தாராவிக்கு ஓடி, கோயில் கொடைவிழாவுக்கு அடிக்கிற நையாண்டி மேளத்தை டாக்சியில் அள்ளிப்போட்டு வந்தார்.

முதல் அடியிலேயே மரத்துக் காக்கைகள் மான்குர்துக்குக் குடிபோயின. பேராசிரியர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

“அண்ணாச்சி, கொஞ்சம் மெதுவா,” என்று மேளக்காரர் பிரம்மநாயகத்தைக் கெஞ்சினார் அய்யாத்துரை.

“மெதுவான்னா சாமி அழைக்கிற கொட்டுதான் இருக்கு. பரவால்லியா?”

“நம்ம பிரின்சிபால் குஜராத்திக்காரரு. அவருக்கா வந்துரப்போகுது? அடிங்க.”

உறுமி முனகியது. முன்னால் நடந்த சாஹிபின் வலது கால் துடித்தது. அய்யாத்துரை நிறுத்தச் சொன்னார். பாதியில் நிறுத்தினால் வந்த சாமி மலையேறாது என்று பிரம்மநாயகம் வேகத்தைக் கூட்டினார். சாஹிப் ஒரே பாய்ச்சலில் மேடைக்குப் போனார். மஞ்சள் தண்ணீர் ஊற்றினால் அடங்கும். மஞ்சளுக்கு எங்கே போவது? தலைமை விருந்தினருக்கு வைத்திருந்த எலுமிச்சை சர்பத்தை ஜாடியோடு சாஹிப் தலையில் கவிழ்த்தார் அய்யாத்துரை. சாமிக்கு அது பிடித்துவிட்டது. “இவன் வேலை இனி நிரந்தரம்” என்று மைக்கில் தமிழில் குறி சொல்லிவிட்டுத்தான் மலையேறியது. தமிழில் சொன்னதில் அய்யாத்துரைக்கு ஆச்சரியமே இல்லை. சாமி வேறு எந்த பாஷையில் பேசும்?

மறுநாள் சாஹிப் அய்யாத்துரையைத் தன் பங்களாவுக்கு வரச் சொன்னார். தான் ஆடவே இல்லை, தரை வழுக்கியது என்றார் ஹிந்தியில். தமிழே தெரியாதவன் தமிழில் எப்படி வேலை கொடுப்பான் என்றும் கேட்டார். நாளையிலிருந்து அய்யாத்துரை வரவேண்டியதில்லை.

அய்யாத்துரை வாசல்வரை போய்விட்டார். அப்போது சாஹிபின் மனைவி எண்ணெய்க் கிண்ணத்தோடு அடுப்படியிலிருந்து வந்தார்.

“காலை நீட்டுங்க, வீங்கிக் கெடக்கு,” என்றார் அசல் திருநெல்வேலித் தமிழில். பிறகு அய்யாத்துரை பக்கம் திரும்பினார். “இந்த உறுமிக்குப் பயந்துதானேய்யா ஏரல்ல இருந்து பேரை மாத்திக்கிட்டு இம்புட்டு தூரம் ஓடியாந்தாரு. இங்கயும் கொண்டாந்துட்டியே, பாவி.”

சாஹிப் என்கிற கணேசபாண்டியன் காலை நீட்டினார்.

“ஆமாடே, ஆடுனேன். வேலை ஒனக்குத்தான். அடுத்த நூற்றாண்டு விழாவுக்கு மட்டும் குர்லா பேண்டுக்கே சொல்லிரு.”