ராஜையன் நட்ட எச்சரிக்கை

மின் அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்ற ராஜையன், கடலில் இறங்குமுன் ஒரு தேங்காய் மட்டையை வீசி, அது போகும் திசையைப் பார்த்து நிற்பது வழக்கம். மட்டை கரைக்குத் திரும்பினால்தான் இறங்குவார். நெஞ்சளவு நீரைத் தாண்ட மாட்டார். அவரைப் படகில் தீவுக்குக் கொண்டுவிடும் மீனவன் மத்தியாஸின் வள்ளம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இந்த விதிகளோடு, ஆறு கடலில் சேரும் பொழிமுகத்துக்கு எதிரே உள்ள மணல்தீவின் கிழக்குக் கரையில், ஆறு ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் தனியாக நீந்தி வந்தார்.

யாரோ எடுத்த வீடியோ பரவியதும் தனிமை போயிற்று. நாகர்கோவிலிலிருந்து கூட்டம் வந்தது. பிரியாணிப் பொட்டலங்கள் அவருக்கு முன்பே நீந்தின.

மறுவாரம் 'ஆபத்து, ஆழம் அதிகம்' என்று எழுதிய பலகையோடு வந்தார். நடுவதற்குக் கம்பில்லை. வள்ளம் நிற்கும் இடத்திலிருந்து தெரியாத மேற்குக் கரையில், வெளிறிய சிவப்புத் துணி கட்டிய மூங்கில் கம்பொன்று சும்மா நின்றது. துணியை உருவி எறிந்து, கம்பைப் பிடுங்கி, பலகையை அறைந்து கிழக்கில் நட்டார்.

அடுத்த வாரம் பலகையைச் சுற்றிக் கூட்டம் இரட்டித்திருந்தது.

"ஏலே, ஆபத்துன்னு எழுதியிருக்க எடத்துல நில்லு. போட்டோ கெத்தா இருக்கும்."

ராஜையன் தூரிகையை எடுத்து, 'இங்கே இருவர் மூழ்கி இறந்தனர்' என்று சேர்த்தார்.

அதற்கடுத்த வாரம் படம் எடுப்போர் இல்லை. மீனவக் குடியிருப்பின் கிரேசியும் பத்துப் பெண்களும் பலகையடியில் மெழுகுதிரி கொளுத்தி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள்.

"சாரே, செத்தவங்க பேரு தெரியுமா? பேரு சொல்லாம ஜெபிச்சா எப்பிடி?"

"பேரு... மறந்து போச்சு."

"அப்ப பழக்கமுள்ளவங்கதான்?"

"கொஞ்சம்."

"பாவம். முட்டுக்குத்தி இரியும்."

செத்தவர்களுக்காக ஜெபிப்பது ராஜையனின் சபையில் வழக்கமில்லை. சாகாதவர்களை இறந்தவர்களாக்கி ஜெபிப்பது எந்தச் சபையிலும் இல்லை. அரைமணி நேரம் முழந்தாளிட்டவர், கூசிப்போய் மெல்ல நழுவி மேற்குக் கரைக்குப் போனார். அங்கே ஒருவருமில்லை. மட்டையை வீசவும் மறந்து இறங்கினார்.

இடுப்பளவு நீரில் காலடி மணல் ஓடியது. அடுத்த கணம் கரை விலகிப் போய்க்கொண்டிருந்தது. முழு மூச்சோடு கரையை நோக்கி நீந்தினார். கரை இன்னும் விலகியது.

அவரைத் தேடி வந்த கிரேசி கண்டு அலறினாள். தீவைச் சுற்றி வள்ளத்தோடு வந்தான் மத்தியாஸ்.

"எதுத்து நீந்தாதயும் சாரே! கரையோரத்துக்கு இணையாப் போம்!"

அப்படியே போனார். இழுப்பு விட்டது. மத்தியாஸ் அவரை அள்ளி வள்ளத்தில் போட்டான்.

"உமக்குக் கொளுத்த மூணாவது மெழுகுதிரியக் கையில எடுத்துட்டேன் சாரே," என்றாள் கிரேசி.

கிழக்குக் கரையில் இறங்கியதும் ராஜையன் ஈரம் சொட்டப் பலகையடியில் எல்லோர் முன்பும் நின்றார். "இங்க யாரும் சாகல்ல. நான்தான் பொய்யா எழுதி வச்சேன். உங்க ஜெபத்தையும் வீணாக்கிட்டேன். மன்னிக்கணும்."

பலகையைப் பிடுங்கி முழங்காலில் வைத்து உடைத்தார். எஞ்சிய கம்பை மத்தியாஸிடம் நீட்டினார்.

"பலகை பொய். கம்பு நல்ல கம்பு. நீ வச்சுக்கோ, மத்தியாஸே."

மத்தியாஸ் கம்பின் அடியில் பூசியிருந்த தாரை விரலால் தேய்த்துப் பார்த்தான்.

"பலகைதான் பொய் சாரே. கம்பு மெய்தான் சொல்லிட்டு நின்னுது. மேக்க இழுப்பு உண்டுன்னு போன வருசம் நான் நட்டது. எடுத்த எடத்துலயே கொண்டு நடும்."