உன் ஐந்து கத்திகளும் பிரிவு நான்கும்

அன்பும், இப்போதைக்குக் கோபமும் நிறைந்த அண்ணாவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. நான், உன் மச்சான், வாலு மூவரும் உடம்பளவில் நலம். உன் நலத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் நீ போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். ஒன்பது முறை அடித்துவிட்டேன். பத்தாவது முறைக்குத் தைரியம் இல்லை, அதனால் எழுதுகிறேன். மதியமே எழுதியிருக்க வேண்டும். வாலு இப்போதுதான் தூங்கினாள். நாளை ஞாயிறு காலை உன் மச்சான் பார்சல் வண்டியோடு உன் ஊர் வழியாகத்தான் போகிறார். இதை உன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். கிழிப்பதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

முதலில் முக்கியமான விஷயம். உன் கத்திகள் பத்திரமாக இருக்கின்றன. காவல் நிலையத்தில் இருக்கின்றன. அதைவிடப் பத்திரமான இடம் எது, நீயே சொல்லு. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஓட்டல் சமையலறையில் உனக்குச் சோதனை, சொந்தக் கத்தியோடு வரச் சொல்லியிருக்கிறார்கள், பழைய ஓட்டல் மூடி எட்டு மாதம் கிடங்கில் அட்டைப்பெட்டி ஒட்டிய பிறகு வந்த முதல் அழைப்பு இது, எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இத்தனை கூத்தும் நடந்தது.

நீ வீடு மாறும்போது என்னிடம் விட்டுப்போன, கத்திகள் சுற்றிய அந்தத் துணிச்சுருளை எடுத்துக்கொண்டு இன்று பதினோரு மணிக்கு நடுவழிப் பேருந்து நிலையத்துக்கு வரச் சொன்னாய். "அஞ்சு கத்தி, ஒரு பை, ஒரு பஸ். இதுல என்ன இருக்கு?" என்றாய். என்ன இருக்கிறதா? சட்டம் இருக்கிறது, அண்ணா. உள்ளங்கையைவிட நீளமான கத்தியைத் தெருவில் எடுத்துப்போகக் கூடாது என்ற சட்டம். அதைக் கேட்டு வாலுவின் காப்பக வாசலில் நின்று இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கியவள் நான். பூங்காவில் மணல்தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பேர் கத்தியை உருவிக்கொண்டு நின்ற அன்று, வாலு மணல்தொட்டிக்குள் வாளியோடு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்த கண் என்னுடையது. அப்போது நீ, "நாளைக்கு நான் வெங்காயம் நறுக்க உன்கிட்ட வந்து சீட்டு வாங்கணுமாடி?" என்று கேட்டாய். "உன்னை மாதிரி ஆளை இந்தச் சட்டம் தொடாதுண்ணா, நான் பொறுப்பு" என்று சொன்னேன். அந்தப் பொறுப்புதான் இப்போது என் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது.

நேற்று சட்டம் முழுவதையும் இரண்டு முறை படித்தேன். பிரிவு நான்கு: தொழிலாளி தன் தொழிலுக்கான கத்தியைத் தானே எடுத்துச் செல்லத் தடையில்லை. தானே! தொழிலாளியின் தங்கை என்று எங்கேயும் இல்லை. மனுவில் இந்த வரியை எழுதிக் கொடுத்தபோது எனக்கும் தோன்றவில்லை, கையெழுத்துப் போட்ட இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அண்ணன் இல்லாதவர்களாகப் பார்த்துக் கையெழுத்து வாங்கிவிட்டேன் போலிருக்கிறது.

வீட்டு நிலைமையும் உனக்குத் தெரியாது. போன வாரம் வாலுவுக்கு நாலு நாள் காய்ச்சல். நான் எப்போது தூங்கினேன், எதை எங்கே வைத்தேன் என்று ஒன்றும் நினைவில்லை. அவளுக்கு இப்போது நாற்காலி போட்டு ஏறத் தெரியும், அதனால் வீட்டில் கூரான பொருள் எதுவும் ஓர் இடத்தில் மூன்று நாளுக்கு மேல் இருக்க விடுவதில்லை. இதற்கு நடுவில் மரக்கரண்டிகள் மொத்தமும் காணவில்லை. உன் மச்சான் பாத்திரத்தை முள்கரண்டியால் கிண்டி அடியைச் சுரண்டிவிட்டார். அவருடைய கம்பளிக் காலுறைகளும் ஒற்றை ஒற்றையாக மறைந்துகொண்டிருக்கின்றன. "இந்த வீட்ல திருடன் இருக்கானா, இல்ல நீ இருக்கியா?" என்று கேட்கிறார். இந்த லட்சணத்தில், உன் சுருள் மட்டும் அலமாரியின் மேல்தட்டில் வைத்த இடத்திலேயே இருந்தது. அதற்காவது என்னைப் பாராட்டு.

சுருளை இரண்டு துண்டில் சுற்றி, வாலுவின் மாற்றுத்துணிப் பையின் அடியில் வைத்து, மேலே ஒரு கடிதமும் வைத்தேன்: "இவை என் அண்ணனின் தொழிற்கருவிகள். நான் யாருடனும் சண்டைக்குப் போகவில்லை." பஸ் ஏறினேன். கனமே தெரியவில்லை, பயத்தில் கை மரத்துவிட்டது என்று நினைத்தேன். ஒவ்வொரு குலுங்கலுக்கும் உள்ளே கடக் கடக்கென்று சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் இருமினேன். இருமி இருமி, பக்கத்து சீட்டு அம்மா எனக்கு மிட்டாய் கொடுத்தார். அப்போதுதான் வாலு எழுந்து நின்று, நான் தினமும் சொல்லிக்கொடுத்த பாடத்தை, சொல்லிக்கொடுத்த ராகத்திலேயே, பஸ் முழுக்கக் கேட்கும்படி ஒப்பித்தாள்:

"அம்மா பையில கத்தி இருக்கு. பெரிய கத்தி. தொட்டா ரத்தம் வரும்!"

மிட்டாய் கொடுத்த அம்மா எழுந்து முன்சீட்டுக்குப் போனார். போகும்போது மிட்டாயையும் பார்த்துக்கொண்டே போனார். பின்னாலிருந்து ஒருவர், "ஏம்மா, குழந்தை என்னமோ சொல்லுதே?" என்றார். நான், "விளையாட்டுக் கத்திங்க" என்றேன். வாலு, "இல்ல, நிஜக் கத்தி" என்றாள். பொய் சொல்லக் கூடாது என்றும் நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். யாரோ மணியை அடித்தார்கள். வண்டி நின்றது. அடுத்த நொடி நான் குழந்தையும் பையுமாகத் தெருவில் நிற்கிறேன். நிமிர்ந்து பார்த்தால் எதிரே காவல் நிலையம்.

நீ சிரிப்பாய். ஆனால் ஒரு நிமிடம் என் இடத்தில் நின்று பாரு. அவர்களாகப் பிடித்தால் குற்றவாளி, நாமாகப் போனால் குடிமகள். உள்ளே போய்விட்டேன்.

மேசையில் ஒரு பெண் காவலர் மட்டும் இருந்தார். எழுதிக்கொண்டே கேட்டார்.

"எத்தனை கத்தி?"

"அஞ்சு."

"யாரோடது?"

"அண்ணனோடது."

"அண்ணன் என்ன பண்றாரு?"

"வெட்டுவாரு."

பேனா நின்றது.

"காய்கறி" என்றேன். "இறைச்சியும். ஆனா அதெல்லாம் ஏற்கெனவே செத்ததுதான்."

அவர் என்னை உற்றுப் பார்த்து, "நீங்கதானே காப்பக வாசல்ல கையெழுத்து வாங்கினது? என்கிட்டயும் வாங்கினீங்க. என் பொண்ணும் அங்கதான்" என்றார். எனக்கு உயிர் வந்தது. "அப்ப விட்டுடுவீங்களா?" என்றேன். "எப்படிம்மா விடறது? நீங்க எழுதின சட்டம், நீங்களே மீறலாமா?" என்றார். திறந்து பார்க்கக்கூட இல்லை. திறப்பதற்கு இரண்டு காவலர் வேண்டுமாம், இன்னொருவர் சாப்பிடப் போயிருந்தார். அப்படியே அரக்கு வைத்து, ரசீது கிழித்துக் கொடுத்துவிட்டார். சொந்தக்காரர் வேலைக் கடிதத்தோடு நேரில் வந்தால் திருப்பித் தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை தர மாட்டார்கள்.

உடனே அந்த ஓட்டலுக்குப் போன் போட்டேன். தலைமைச் சமையல்காரர் எடுத்தார். ஒரு வேலைக் கடிதம் வேண்டும் என்றேன். "வேலை தெரியுதான்னு பாத்துட்டுத்தாம்மா கடிதம்" என்றார். எப்போது பார்ப்பீர்கள் என்றேன். "கத்தியோட வரட்டும், பாக்கறேன்" என்றார். கத்தி வர வேண்டுமென்றால் கடிதம் வேண்டும் என்றேன். "நீங்க யாரும்மா?" என்றார். தங்கை என்றேன். "அவரைப் பேசச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

அதற்குள் நீ பேருந்து நிலையத்திலிருந்து அடித்தாய். நடந்ததைச் சொன்னேன். "சமையல்காரன் கத்தியப் போலீஸ்ல ஒப்படைச்ச ஒரே தங்கச்சி நீதான்டி" என்றாய். அவ்வளவுதான், போனை வைத்துவிட்டாய்.

அண்ணா, இப்போதும் அந்தச் சட்டம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மணல்தொட்டி கண்ணை விட்டுப் போகவில்லை. ஆனால் அந்தக் கத்திகள் எட்டு மாதமும் என் வீட்டில் இருந்தபோது, நீ வரும்போதெல்லாம் அவிழ்த்துத் துடைத்து, எண்ணெய் தடவி, மறுபடி சுற்றி வைத்ததும் கண்ணை விட்டுப் போகவில்லை. இரண்டுக்கும் இடம் இருக்கிற மாதிரி ஒரு வரி எழுதத் தெரியாமல் போச்சே என்றுதான் குமுறுகிறேன். திங்கட்கிழமை காலையில் நானே உன்னோடு ஓட்டலுக்கு வந்து, ரசீதைக் காட்டி, தப்பு என்னுடையது என்று சொல்கிறேன். வேலை கிடைக்காவிட்டால் என் முகத்தில் முழிக்காதே. கிடைத்தாலும் ஒரு வாரம் முழிக்காதே. அதற்கப்புறமாவது முழி.

வாலு மாமாவுக்கு மூன்று முத்தம் சொல்லச் சொன்னாள். உன் மச்சான் தன் பங்குக்குத் தலையாட்டினார். உன் கையும் விரலும் முழுசாக, வேலையும் வருமானமுமாக நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பயந்து பயந்தே எல்லாம் செய்யும் உன் தங்கை

பின்குறிப்பு: இதைப் போட உறை தேடி, பரண்மேல் இருந்த தையல் மெஷின் பெட்டியை இறக்கினேன். உறைகளுக்கு அடியில் ஐந்து கம்பளிக் காலுறைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கத்தி. இப்போதுதான் நினைவு வருகிறது: காய்ச்சல் வாரத்தில் வாலு சுருளைப் பார்த்துவிட்டாள். சுருள் காணாமல் போனால் வீடு முழுக்கத் தேடுவாள் என்று, கத்திகளை இங்கே ஒளித்துவிட்டு, சுருள் பழையபடி தெரியட்டும் என்று உள்ளே வேறெதையோ அடுக்கி மேல்தட்டில் வைத்தேன். உன் மச்சானிடம் கொடுத்தனுப்ப மாட்டேன், அவர் சமையல்காரர் இல்லை. நாளைக்கு நீயே வா. நீயே எடுத்துப் போகலாம், பிரிவு நான்கு. காவல் நிலையத்தில் நான் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்தது என்ன என்று நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன். வரும்போது மரக்கரண்டி ஒன்று வாங்கி வா. எங்களுடையது எல்லாம் அரக்கு வைத்துப் பத்திரமாக இருக்கிறது.