கண்டக்டர் கிழித்த கடைசி அத்தியாயம்

மனைவியைத் தன்னோடு பேச வைத்தே தீருவது என்று கண்டக்டர் சபதம் எடுத்துவிட்டார். பஸ்ஸில் ஊரையே "உள்ளே போ, உள்ளே போ" என்று அதட்டுகிற மனுஷருக்கு, வீட்டில் "உப்பு எங்கே?" என்பதற்கு மேல் பேச்சே கிடையாது. மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து, அவள் விட்டுப்போன சிறுவர் நாவலே கதி என்று கிடந்தாள் மனைவி. பழைய தூங்கும் இளவரசிக் கதைதான், கொஞ்சம் மாற்றி எழுதியது. அரண்மனையே தூங்க, ஒரு குட்டி டிராகன் மட்டும் விழித்துக்கொண்டு திரியும்.

கண்டக்டரும் திருட்டுத்தனமாகப் படித்தார். பேச ஆளில்லாமல் டிராகன் சுவரைப் பார்த்து "சாப்பிட்டியா?" என்று கேட்ட இடத்தை அவர் இரண்டு தடவை படித்தார். அப்போதுதான் யோசனை பிறந்தது. முடிவை ஒளித்துவிட்டால் தன்னிடம்தானே வந்து கேட்பாள்! கடைசி அத்தியாயத்தை உருவினார். டிக்கெட் கிழித்துப் பழகிய கை, சத்தமே வரவில்லை. படிப்பதற்குள் வாசலில் அவள் செருப்புச் சத்தம். அவசரமாகப் பழைய பேப்பர் கட்டுக்குள் சொருகினார்.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் புத்தகத்தை மூடினாள்.

"முடிஞ்சுதா?"

"ம்."

"ஒண்ணும் குறையலையே?"

"கடைசி அத்தியாயத்தைக் காணோம்."

"அப்போ முடிவு என்னன்னு எங்கிட்டே கேக்க மாட்டியா?"

"எதுக்கு? நான் எந்தக் கதைக்கும் முடிவைப் படிச்சுட்டுத்தானே முதல் பக்கத்துக்கே போவேன்."

இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் இது அவருக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது. அதைவிட, தனிமையாக இருந்தது. மூலையைப் பார்த்தார். பேப்பர் கட்டு இல்லை.

"காலையிலேயே எடைக்குப் போட்டாச்சு," என்றாள். "ஏன், அதுல உங்க சாமான் ஏதாவது இருந்துச்சா?"

கண்டக்டர் சரணடைந்தார். "அந்தக் குட்டிக்குப் பேச ஆள் கிடைச்சுதா இல்லியா? அதை மட்டும் சொல்லிடு, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

"சொல்றேன். முதல்ல பாத்திரத்தைக் கழுவிட்டு வாங்க."

கழுவினார். அடிப்பிடித்த சட்டியைக்கூட விடவில்லை. கையைத் துடைத்தபடி ஓடி வந்தால், அம்மணி மார்பில் புத்தகத்தோடு கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள். வீடே தூங்கியது. கண்டக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, வேறு வழியில்லாமல் சுவரைப் பார்த்தார்.

"சாப்பிட்டியா?"

"சுவர் சாப்பிட்டாச்சு," என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமலே. "ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைங்க. கதை ராத்திரிப் பாத்திரத்துக்கு அப்புறம்."