வயரில்லா மவுஸும் ஏ.சி.க்குக் கீழே ஒரு நாற்காலியும்

அன்பு மருமகன் ஜெஸ்டனுக்கு,

ஆம்பூரிலிருந்து தாய்மாமன் கிருபானந்தம் எழுதுவது. நானும் உன் அத்தையும் தேவகிருபையால் சுகம். வெயிலும் சுகமாகத்தான் இருக்கிறது, எங்களைத்தான் விடமாட்டேன் என்கிறது.

நீ பெங்களூரிலிருந்து அனுப்பிய வயரில்லாத மவுஸைக் கையில் எடுத்ததும் புல்லரித்துவிட்டது. கம்ப்யூட்டர் திரையில் தோலின் படத்தைப் போட்டு, ஷூ துண்டுகளை மவுஸால் நகர்த்தி அதன்மேல் இடம் வீணாகாமல் அடுக்குவதுதானே என் வேலை. இத்தனை வருஷம் வயர் மவுஸோடு மாரடித்தேன். அந்த வயர் டிபன் கேரியரைச் சுற்றும், என் முழங்கையைச் சுற்றும், விட்டால் பேரணாம்பட்டு பஸ்ஸையே இழுத்து நிறுத்தும். இதுவோ காற்றிலேயே சேதி அனுப்புகிறது. வராண்டாவில் நின்று அசைத்தேன். உள்ளே திரையில் அம்பு அசைந்ததாக எங்கள் செக்ஷன் நயீம் அகமது சாட்சி சொன்னார். செங்கடல் பிளந்ததைப் பார்த்த ஜனங்கள்போல் நின்றோம்.

அந்த மயக்கத்தில் பக்கத்து மேஜை அமிர்தவள்ளியிடம் சவால் விட்டுவிட்டேன். ஏ.சி.க்கு நேர் கீழே இருக்கும் ஒரே நாற்காலி அவளுடையது. "ஒரே தோல், ஒரே மாடல். யார் முதல்ல அடுக்கறாங்களோ அவங்களுக்கு அந்த சீட்டு" என்றேன். பழைய வயர் மவுஸைத் தட்டிக்கொண்டே, "சரிண்ணா" என்றாள். தொடங்கியதும் என் அம்பு மூலையில் போய் நின்றுகொண்டது. தேய்க்கிறேன், தட்டுகிறேன், ஊதுகிறேன், ஜெபிக்கிறேன்.

"இன்னாண்ணா, தூங்கிடுச்சா?"

"யோசிக்குதும்மா. பெரிய எடத்துப் பொருள்."

அவளே எழுந்து வந்தாள். கௌரவத்துக்காக நான் மவுஸுக்கு அடியில் விரித்திருந்த கண்ணாடிபோல் மின்னும் தோலை உருவிவிட்டு, சொரசொரப்பான துண்டொன்றைப் போட்டாள். "பளபளப்புல அதுக்குக் கண்ணு தெரியாதுண்ணா. இப்ப ஓட்டுங்க" என்றாள். எதிரிக்கு இப்படி உதவும் மனசை எங்கே பார்க்க முடியும்? அப்புறம் அது பறந்தது பார், தோலிலிருக்கும் ஓட்டை, தழும்பு எல்லாம் தாண்டி, திரையிலிருந்து புகை வராததுதான் பாக்கி. நான் முடித்தபோது அவள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். வயர் மவுஸ் மாட்டுவண்டி, இது புஷ்பக விமானம். இனி ஆயுளுக்கும் வயரைத் தொடேன்.

உன் அம்மாவுக்கு என் அன்பு. ஆண்டவர் உன்னையும் நீ வாங்கும் பேட்டரிகளையும் காப்பாராக.

வெற்றி நாற்காலியிலிருந்து,
கிருபானந்தம்

பி.கு.: தலையில் தண்ணீர் சொட்டுகிறது. இந்த ஏ.சி. இரண்டு மாசமாக ஒழுகுகிறதாம். இந்த சீட்டைத் தள்ளிவிட அமிர்தவள்ளி அன்றிலிருந்து ஆள் தேடுகிறாளாம். உன் மவுஸ் முழுகிச் செத்தது. அவள் இங்கே விட்டுப்போன வயர் மவுஸ் நனைந்தும் ஓடுகிறது. மேலே எழுதிய புகழையெல்லாம் அதன் பேருக்கு மாற்றிப் படித்துக்கொள். என் பழைய இடத்தில் ஃபேன் காற்று வாங்கிக்கொண்டு அவள் கேட்கிறாள்: "நாளைக்குக் குடை எடுத்தாருவீங்களாண்ணா?"